மிலிட்டரிய எறக்கணும் சார்!

“மிலிட்டரிய எறக்கணும் சார். அப்பத்தான் சரிப்படும்.”

சீர்காழியில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு மாதம் கழிவதில்லை. எங்கோ ஓர் ஊரில் சாதிக் கலவரம் என்று டிவியில் ஓடும், சொல்வார்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளுகிறார்கள் என்று பேச்சு வரும், சொல்வார்கள். கொரோனா ஊரடங்கில் முகக்கவசம் போடாதவனைப் பார்த்தும் சொன்னார்கள். கர்நாடகம் தண்ணீர் விடாத வருஷங்களில் இதற்கு ஒரு விவசாயப் பதிப்பே உண்டு: “பட்டாளத்த அனுப்பி கிருஷ்ணராஜசாகர் மதகத் தெறக்கச் சொல்லணும். தானா தண்ணி மேட்டூர் வந்து சேரும்.”

சொல்பவர்கள் கெட்டவர்கள் கிடையாது. ஒரு பட்டா மாறுதலுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு எட்டு நடை நடந்தவர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போய், யார்மேல் புகாரோ அந்த ஆள் உள்ளே உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தவர்கள். பார்த்த உடுப்புகளின் மீதெல்லாம் நம்பிக்கை போன பிறகு, பார்க்காத உடுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. பச்சை உடுப்பு. அது லீவில் ஊருக்கு வரும், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கும், லஞ்சம் கேட்காது. அதனால் அதன்மேல் ஒரு மரியாதை. எனக்கும் அந்த மரியாதை உண்டு.

ஆனாலும் இந்த வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். ‘மிலிட்டரியை இறக்கலாமா’ என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இறக்கிய பிறகு தப்பு நடந்தால், யார் மேல், எந்தக் கோர்ட்டில் கேஸ் போடுவது? இந்தியச் சட்டம் இதற்கு வைத்திருக்கும் பதில் இதுதான்: அவர்களை அனுப்பிய அரசாங்கத்திடமே போய் அனுமதி வாங்கிக்கொண்டு வா. இந்தப் பதில் மாறாதவரை எந்த ஊரிலும், எந்தக் காரணத்துக்காகவும், சொந்தக் குடிமக்களை அடக்கும் வேலைக்கு ராணுவத்தை அனுப்பக் கூடாது. இதுதான் என் கட்சி.

*

முதலில் இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2004 டிசம்பர் 26. அன்றைக்குச் சீர்காழியும் பூம்புகாரும் பழையாறும் திருமுல்லைவாசலும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் சுனாமி அதிகம் கொன்றது அந்த மாவட்டத்தில்தான், ஆறாயிரத்துக்கும் மேல். நாகையிலும் வேளாங்கண்ணியிலும் ராணுவத்தினர் வந்து இறங்கி, இடிபாட்டுக்குள்ளிருந்து சடலங்களை எடுத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி, நட்ட சம்பாவெல்லாம் முழுகிக் கிடந்தபோதும் நாங்கள் எதிர்பார்த்தது படகையும் அதோடு வரும் ஒரு சீருடையையும்தான்.

இது ராணுவத்தின் ஒரு வேலை. கலைந்து போகச் சொல்லிக் கூட்டத்தின் மீது சுடுவது இன்னொரு வேலை. அரசாங்க பாஷையில் இரண்டுக்கும் ஒரே பெயர்: சிவில் நிர்வாகத்துக்கு உதவி. ஒரே பெயர் என்பதால் முதல் வேலையில் சம்பாதித்த நல்ல பெயரை இரண்டாவது வேலைக்குச் செலவழிக்க வசதியாகப் போய்விடுகிறது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வெள்ளத்தில் படகு ஓட்டுகிறவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டம் தேவைப்படுவதே இல்லை. எந்த வேலைக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வைக்க வேண்டியிருக்கிறதோ, அந்த வேலை உதவி என்ற கணக்கில் வராது.

*

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். பழைய சட்டத்தில் 129 முதல் 132 வரை இருந்தவைதான். எண் மாறியிருக்கிறது, சாரம் அதேதான். சட்டவிரோதக் கூட்டத்தை வேறு வழியில் கலைக்க முடியாவிட்டால் நிர்வாக நடுவர் ராணுவத்தைக் கூப்பிடலாம். வருகிற அதிகாரி முடிந்தவரை குறைவான பலத்தையே பயன்படுத்த வேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் முடிந்தவரை குறைவான சேதமே செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நல்ல வாசகம். அடுத்த பிரிவில், நடுவரைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் ராணுவ அதிகாரியே முடிவெடுக்கலாம் என்கிறது. அதற்கடுத்த பிரிவில், இதற்காக ராணுவத்தினர் மீது மத்திய அரசின் அனுமதியில்லாமல் வழக்கு நடத்த முடியாது என்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கிறது? குறைவான பலம் என்பது கட்டளை. அதை மீறினாரா என்று பார்க்க வேண்டியது நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தின் கதவுச் சாவி இருப்பதோ படையை வைத்திருக்கும் அரசாங்கத்திடம். வரப்புத் தகராறில் எதிராளியையே நாட்டாமையாக உட்கார வைத்தால் நம் ஊரில் எவராவது ஒப்புக்கொள்வாரா?

இது சாதாரணச் சட்டம், நாடு முழுமைக்கும் உள்ளது. அசாதாரணச் சட்டம் இன்னொன்று இருக்கிறது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் வெடித்தவுடன் வைஸ்ராய் லின்லித்கோ ஒரு அவசரச் சட்டம் போட்டார்: ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். உயிர் போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற அதிகாரத்தை அது கேப்டன் பதவிக்குக் குறையாத அதிகாரிகளுக்குக் கொடுத்தது. 1958இல் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் அதே பெயரில், அதே அச்சில் ஒரு சட்டத்தை நாகா பகுதிகளுக்காக நிறைவேற்றியது. ஒரு மாற்றம் செய்தார்கள். கேப்டனுக்கு இருந்த அதிகாரத்தை ஹவில்தார் நிலை வரை இறக்கினார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக்கூடாது என்ற தடையை மீறினால், எச்சரித்துவிட்டுச் சுடலாம். உயிர் போனாலும் பரவாயில்லை. ஆறாவது பிரிவில் வழக்கமான பூட்டு: மத்திய அரசின் அனுமதியில்லாமல் வழக்கில்லை. அந்நியன் தன் அடிமைகளைச் சுட விதித்துக்கொண்ட வரம்பைக்கூட நாம் நம் மக்களைச் சுடும்போது தளர்த்திக்கொண்டோம். இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரிந்து நம் சட்டப் புத்தகத்தில் இல்லை.

*

சட்டத்தைப் பேசியது போதும். இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி. இன்னொன்று நாகாலாந்தின் மோன் மாவட்டத்து ஒட்டிங்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன; கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அன்றைய அரசு சாதித்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றம் போயின; சி.பி.ஐ. வந்தது, வழக்கு இழுத்தது. 19 வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 அரசு ஊழியர்களுக்குத் தண்டனை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 31 வருஷத் தாமதம் அநியாயந்தான். ஆனாலும் அந்தப் பெண்கள் கூண்டில் ஏறி, “இவந்தான்” என்று கைகாட்ட முடிந்தது.

இப்போது ஒட்டிங். 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை சாயங்காலம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடிந்து எட்டுப் பேர் பிக்கப் வண்டியில் வீடு திரும்புகிறார்கள். தீவிரவாதிகள் வருவதாகத் தகவல் என்று காத்திருந்த ராணுவ சிறப்புப் படையினர் சுட்டார்கள். ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தேடிப் போன கிராமத்தாருக்கும் படையினருக்கும் மோதல். மேலும் ஏழு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஒரு ராணுவ வீரரும் உயிரிழந்தார். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். ஆக 14 பொதுமக்கள். நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் வண்டி தப்பிக்கப் பார்த்தது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் சொன்னார். உயிர் பிழைத்தவர், எங்களை யாரும் நிறுத்தச் சொல்லவே இல்லை என்றார்.

இது வரை ஒட்டிங்கும் வாச்சாத்தியும் ஒரே மாதிரிதான்: அரசு ஒன்று சொல்கிறது, அடிபட்டவர் வேறொன்று சொல்கிறார். யார் சொல்வது உண்மை என்று பார்க்கத்தான் கோர்ட் இருக்கிறது. நாகாலாந்து போலீஸ் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து, ஒரு மேஜர் உள்பட 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தயாரித்தது. அனுமதிக்காக டெல்லிக்கு அனுப்பினார்கள். 2023 ஏப்ரலில் பதில் வந்தது: அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதி இல்லாததால் குற்றவியல் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னால் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது. வழக்கில் தோற்கவில்லை; வழக்கே நடக்கவில்லை. ஒட்டிங் கிராமத்தார், நியாயம் கிடைக்கும்வரை வேண்டாம் என்று அரசு கொடுத்த நஷ்டஈட்டைத் திருப்பிவிட்டார்கள்.

இரண்டு ஊர்க்காரர்களுமே பழங்குடிகள்தான். இரண்டு பக்கமும் சீருடைதான். வாச்சாத்தி நம் போலீஸ் நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. அது நம் போலீஸின் கேவலத்துக்குத்தான் சான்று. ஆனால் அந்தக் கேவலம் கோர்ட்டில் நிரூபணமானது. ஒட்டிங்கில் நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. ஒருவேளை அந்தப் படையினரில் சிலர் நிரபராதிகளாக இருந்தால், அவர்களுக்கும் விடுதலைத் தீர்ப்பு என்று ஒன்று கிடைக்கப் போவதில்லை.

இது ஒற்றைச் சம்பவம் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. 2001க்குப் பிறகு ஜம்மு-காஷ்மீர் அரசு இப்படி அனுமதி கேட்டு அனுப்பிய 50 வழக்குகளில் 47க்கு மறுப்பு, 3 நிலுவை என்று 2018 ஜனவரியில் மத்திய அரசே மாநிலங்களவையில் பதில் சொன்னது. அனுமதி கொடுத்தது பூஜ்யம். மணிப்பூரில் 1,528 போலி மோதல் கொலைகள் என்ற புகாரை விசாரித்த உச்ச நீதிமன்றம் மாதிரிக்கு ஆறு வழக்குகளை எடுத்து நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் ஒரு குழுவிடம் கொடுத்தது. 2013இல் குழு சொன்னது: ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்பார்கள். இங்கே ஆறு சோறு எடுத்துப் பார்த்தாயிற்று.

*

நான் வசிக்கும் தாலுகாவில்தான் பூம்புகார் இருக்கிறது. அந்த ஊர்க்காரியின் கதையை நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கற்பு, ஊழ் என்று போய்விட்டது. எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒருவன். அவன் கையில் ஒரு சிலம்பு. பொற்கொல்லன் கொடுத்த பொய்த் தகவல். ராஜா விசாரிக்காமல் ஒரு உத்தரவு போட்டுவிடுகிறான். போன காவலர்களில் சிலர் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். ஒருவன் மட்டும் யோசிக்காமல் வாளை வீசிவிடுகிறான். தப்புத் தகவல், விசாரணையில்லாத உத்தரவு, அவசரப்பட்ட ஒரு கை. ஒட்டிங்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே?

ஆனால் பாண்டியன் சபையில் ஒரு விஷயம் இருந்தது. வாயிற்காவலன் போய்ச் சொன்னான். ராஜா உள்ளே வரச் சொன்னான். வழக்கு உடனே எடுத்துக்கொள்ளப்பட்டது, ராஜாவின் மேலேயே. சாட்சியம் ராஜாவின் முன்னாலேயே உடைத்துப் பார்க்கப்பட்டது. இன்றைக்குக் கண்ணகி வந்தால் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: “அம்மா, அந்தக் காவலர்மேல கேஸ் போடணும்னா பாதுகாப்பு அமைச்சகத்துல சாங்ஷன் வாங்கியாங்க.” இரண்டாயிரம் வருஷப் பெருமை பேசுகிற நாம், அந்தச் சபை வாசலைவிடக் குறுகலான ஒரு வாசலை ஜனநாயகம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

*

“சார், அது நாகாலாந்து. பார்டர். தீவிரவாதம். நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” இதுவும் நான் அடிக்கடி கேட்பது.

நாம் கடைமடைக்காரர்கள். தலைமடையில் ஆற்றில் எது கலந்தாலும் ஒரு நாள் அது நம் வயலுக்கு வந்து சேரும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். அதிகாரமும் அப்படித்தான் பாயும். இதற்கு நம் வட்டாரத்திலேயே ஞாபகம் இருக்கிறது. கீழத்தஞ்சைக் கிராமங்களில் இன்றைக்கும் பெரியவர்கள் ‘மலபார் போலீஸ்’ என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்வார்கள். 1921இல் மலபார்க் கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ்காரன் பட்டாளப் பாணியில் அமைத்த மலபார் ஸ்பெஷல் போலீஸ் அது. மாப்பிள்ளைகளுக்கு எதிராகப் பழகிய அந்தப் படை, 1948க்குப் பிறகு தஞ்சைக் களத்துமேடுகளில் கூலி உயர்வு கேட்ட பண்ணையாட்கள் மேல் ஏவப்பட்டது. 1950 மே மாதம் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். விசாரணை கிடையாது. இரணியன் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். குடியரசு பிறந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் பாடம் இன்னும் தெளிவாக இருக்கிறது. இலங்கை ராணுவத்துக்கு 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரநிலை விதிகளும் யாரை மனதில் வைத்துக் கொடுக்கப்பட்டன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வடக்கிலே தமிழர்கள் காணாமல் போனபோது தெற்கில் பலர், அது தீவிரவாதப் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்தார்கள். போர் முடிந்தது. 2011இல் அவசரநிலையும் நீக்கப்பட்டது. ஆனால் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாதாமாதம் வர்த்தமானி போட்டு ராணுவத்தை ஒழுங்கு காக்கும் வேலையிலேயே வைத்திருந்தார்கள். 2013 ஆகஸ்ட் 1. கம்பஹா மாவட்டத்தில் வெலிவேரிய என்ற சிங்கள ஊர். ஒரு தொழிற்சாலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ராணுவம் வந்தது, சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். ஓடிப்போய் ஒளிந்த மாதா கோயிலுக்குள்ளும் அடி விழுந்தது. வடக்கில் முப்பது வருஷம் பழகிய கை, தண்ணீர் கேட்ட சொந்த இனத்தான் மேல் வந்து நின்றபோதுதான் பலருக்கு அது யார் கை என்று புரிந்தது. 2022 ஜூலை 22 விடிவதற்கு முன்னால் காலிமுகத்திடல் போராட்டக்காரர்களையும் அதே கைதான் அடித்து விரட்டியது.

கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று சொல்லும் ஊர்கள் நம் பக்கம் இல்லையா? சீர்காழியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு. கூடிய மக்கள் மேல் தடியடி, பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அது போலீஸ்தான், ராணுவம் வரவில்லை. ஆனால் வர வேண்டும் என்று ஒரு நாள் யாராவது முடிவெடுத்தால் அரசியலமைப்பில் அதற்கு இடம் இருக்கிறது. பொது ஒழுங்கு என்பது மாநிலப் பட்டியலின் முதல் வரி. 1976இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் மத்தியப் பட்டியலில் 2ஏ என்று ஒரு வரியைச் சேர்த்தது: மாநிலங்களில் மத்திய ஆயுதப்படைகளை நிறுத்துவது மத்திய அரசின் அதிகாரம். கூடவே 257ஏ என்றும் ஒரு பிரிவு வந்தது. ஜனதா ஆட்சி 257ஏவை நீக்கியது. 2ஏ நின்றுவிட்டது. அதே 1976இன் ஜனவரி கடைசி நாளில்தான் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது என்பதை மாநில உரிமை பேசுகிற நண்பர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். கிருஷ்ணராஜசாகர் மதகுக்குப் பட்டாளத்தை அனுப்பச் சொல்கிறவர், அதே பட்டாளம் குத்தாலத்துக்கும் வரலாம் என்பதைச் சேர்த்துக் கேட்கிறார்.

*

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி. அமைதி காக்கப் போன இந்தியப் படை யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. இரண்டுக்கும் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் யாரும் பதில் சொன்னதில்லை. அந்தக் கோபம் தமிழ்நாட்டில் உண்டு, நியாயமான கோபம். ஆனால் அதே ராணுவம், அதே பதில் சொல்லாமையோடு, மோனிலும் மாலோமிலும் நடந்துகொள்ளும்போது நம்மில் பலருக்கு அது தேசப் பாதுகாப்பாகிவிடுகிறது. செத்தவன் தமிழ் பேசினால் படுகொலை, கொன்யாக் பேசினால் தவிர்க்க முடியாத தவறு. இப்படியொரு தராசை வைத்துக்கொண்டு உலகத்திடம் நியாயம் கேட்டால் யார் மதிப்பார்கள்?

*

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவை அற்பமானவை இல்லை.

“கோர்ட், கேஸ் என்று அலையவிட்டால் சிப்பாயின் மனஉறுதி போய்விடும்.” உண்மையான கவலைதான். எதிரி எந்தப் புதரில் என்று தெரியாத இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை நிற்கிறான். ஆனால் அவனை அங்கே நிறுத்தியது யார்? எதிரியைக் கொல்லப் பயிற்சி கொடுத்து, போலீஸ் வேலைக்கு அனுப்பி, ஜனங்களின் பாஷைகூடத் தெரியாத ஊரில் ஆள் அடையாளம் கண்டுபிடிக்கச் சொன்னது யார்? சட்டப்பூர்வமாகச் சுட்டவனைச் சட்டம் ஏற்கெனவே காப்பாற்றுகிறது. தற்காப்பு உரிமை எல்லாருக்கும் இருப்பது போல அவனுக்கும் உண்டு. அனுமதிப் பிரிவு காப்பாற்றுவது அவனை இல்லை. வரம்பு மீறியவனையும், மீறச் சொன்ன மேலிடத்தையும்தான்.

“ராணுவத்துக்குச் சொந்தக் கோர்ட் இருக்கிறதே.” இருக்கிறது. 2010இல் காஷ்மீரின் மச்சிலில் மூன்று கிராமத்து இளைஞர்களை வேலைக்கென்று கூட்டிப்போய்க் கொன்று, ஊடுருவல்காரர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. 2020இல் அம்ஷிபோராவில் ரஜௌரியிலிருந்து கூலி வேலைக்கு வந்த மூன்று பேர் அதே மாதிரி கொல்லப்பட்டார்கள். ஒரு கேப்டனுக்கு ஆயுள் தண்டனை; 2023இல் அதுவும் நிறுத்திவைப்பு. தண்டனை கொடுத்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் செத்தவனின் தாய், திறந்த நீதிமன்றத்தில் தன் வக்கீலோடு உட்கார்ந்து கேட்க வேண்டிய விசாரணையைக் குற்றவாளியின் படையே நடத்தினால் அது பாதி நியாயம்.

“போலீஸ் மட்டும் யோக்கியமா? தூத்துக்குடியைப் பார்க்கவில்லையா?” பார்த்தோம். 2018 மே மாதம் 13 பேர். சுட உத்தரவிட்டது துணை வட்டாட்சியர்கள் என்று முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இந்தக் கேள்விக்கு என் பதில்: ஆமாம், நோய் ஒன்றுதான். பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலைமைதான் அந்த நோய். தூத்துக்குடியில் அது காய்ச்சலாக இருக்கிறது. சிறப்பு அதிகாரச் சட்டம் உள்ள ஊர்களில் அதைச் சட்டமே ஊட்டி வளர்க்கிறது. காய்ச்சலுக்கு மருந்தாக அந்தப் பெரிய நோயைக் கேட்பவரைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன்.

“எந்த நாட்டில் இல்லை?” அமெரிக்காவில் 1878இலேயே ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 2025 ஜூனில் டிரம்ப் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தேசியக் காவல் படையையும் கடற்படைச் சிப்பாய்களையும் அனுப்பியபோது கலிபோர்னியா மாநிலம் கோர்ட்டுக்குப் போனது. செப்டம்பரில் ஒரு நீதிபதி அது அந்தப் பழைய சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது; அது வேறு. வழக்கு நடந்தது என்பதைக் கவனியுங்கள். எங்களை அனுப்பியவரிடமே அனுமதி வாங்கி வா என்று அந்த நீதிமன்றத்தில் யாரும் சொல்லவில்லை.

*

என்ன செய்யலாம்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சிறப்பு அதிகாரச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. மத்திய அரசே அமைத்த குழு அது. அந்தச் சட்டம் போனாலும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 151ஆவது பிரிவு இருக்கும். அதில் வழக்குக்கு அனுமதி தரும் அதிகாரம் மத்திய அரசிடமிருந்து உயர் நீதிமன்றத்துக்கு மாற வேண்டும். ராணுவத்தைக் கூப்பிடுகிற நடுவர், ஏன் கூப்பிட்டேன், எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் எழுதி, அதை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். படகோடு வருகிறவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

இதை நாகாலாந்துக்காரர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒட்டிங் நடந்து பதினாறாம் நாள், 2021 டிசம்பர் 20 அன்று, அவர்களுடைய சட்டசபை கட்சி வித்தியாசமில்லாமல் தீர்மானம் போட்டது. அடுத்த ஏப்ரலில் சட்டம் அமலில் உள்ள பகுதிகளைக் கொஞ்சம் குறைத்தார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது. மணிப்பூரில் இரோம் சர்மிளா 2000 நவம்பரில் தொடங்கி 16 வருஷம் சாப்பிடாமல் கேட்டுப் பார்த்தார். மூக்கில் குழாய் விட்டு உயிரைப் பிடித்து வைத்தார்களே தவிர, சட்டத்தைத் தொடவில்லை.

நாகாலாந்துக்கு மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர். மணிப்பூருக்கு இரண்டு பேர். தமிழ்நாட்டுக்கு 39. இதில் மயிலாடுதுறைத் தொகுதியின் ஓட்டு சீர்காழியில் நாம் போடுவது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தண்ணீர், ரோடு, குறுவைத் தொகுப்பு எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: ஆறாவது பிரிவை நீக்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா? என்ன பிரிவு என்று அவர் திருப்பிக் கேட்டால், ஒட்டிங் ஊரின் பெயரைச் சொல்லி, உட்கார வைத்து விளக்குங்கள்.